ராஷ்டிரபதி பவனுக்கு மாரிக்குப்பம் வழி

ராஜேந்திர பிரசாத்தில் தொடங்கித் திரௌபதி முர்மு வரை, இந்தியக் குடியரசுத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒன்றுவிடாமல் படிப்பது என்று கோலார் தங்கவயலில் உட்கார்ந்து ஒருவர் முடிவுசெய்தால் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும். 15 பேரைப் பற்றியும் புத்தகம் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை வரலாறு என்று மனசாட்சியோடு சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மற்றவை தன்வரலாறு, பதவிக்கால நினைவுகள், செயலாளர் எழுதியது, மகள் எழுதியது, பிறந்தநாள் மலர், உரைத் தொகுப்பு. பாராட்டு நூல்களுக்குப் பஞ்சமே இல்லை. அட்டையில் மூவர்ணம், உள்ளே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வணக்கம்.

அமெரிக்க வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தங்கள் அதிபர்களை, வாஷிங்டனில் ஆரம்பித்து, ஆளுக்கு ஒரு புத்தகம் என்று, வருடக் கணக்கில் வரிசையாகப் படித்துக்கொண்டே வருவார்கள். பெயர்கூடத் தெரியாத 19-ஆம் நூற்றாண்டுத் தலைவர்களுக்கும் அங்கே நல்ல நூல் இருக்கிறது, இல்லாவிட்டால் ஊர் நூலகம் வேறு கிளையிலிருந்து வரவழைத்துக் கொடுக்கும். அந்த வரிசைப் படிப்பை இங்கே செய்து பார்த்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊர் முக்கியமா என்று கேட்கலாம். தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர், தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், கன்னட மாநிலத்தில் தமிழ் பேசும் ஊர். இந்த மூன்று இடத்திலிருந்தும் பார்க்கும்போது, டெல்லி விமர்சகர்களின் பட்டியலில் மேலே இருக்கும் புத்தகம் கீழே போகிறது. யாரும் கண்டுகொள்ளாதது மேலே வருகிறது.

வாழ்க்கை வரலாறு படிப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. வடஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் இறங்கியவர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தன. அயோத்திதாசர் எழுதிய புத்தர் சரித்திரமான 'புத்தரது ஆதிவேத'த்தை வெளியிட்டது இங்கே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை. அவர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழை 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்தினார். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூடி உட்கார, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட ஊர் இது. அரச பதவியைத் துறந்தவரின் கதையில் தொடங்கிய வாசிப்பு, நாட்டின் முதல் குடிமகன் கதைக்கு வந்து சேர்வதில் ஒரு சுவை இருக்கிறது.

நூலகத்தில் இந்தப் புத்தகங்கள் ஒரே அலமாரியில் இருக்காது. டூயி பகுப்பு முறையில் ராதாகிருஷ்ணன் இந்தியத் தத்துவத்தோடு 181-இல் இருப்பார். பிரணாப் முகர்ஜி இந்திய வரலாற்றோடு 954-இல். கலாம் 920-களில் இருக்கலாம், அறிவியலில் இருக்கலாம், பெரும்பாலும் குழந்தைகள் பிரிவில் முதுகு கிழிந்து கிடப்பார். ரங்கநாதனின் கோலன் முறையிலோ வாழ்க்கை வரலாறு என்பது தனித் துறையே இல்லை. ஆள் எந்தத் துறைக்காரரோ அந்தத் துறையின் கீழே ஒரு சிறு குறியீட்டோடு போய்விடும். சென்னையில் நூலக இயக்கத்தைத் தொடங்கி, கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்து, 1972-இல் அங்கேயே மறைந்த அந்த மனிதரின் கணக்குப்படி 'குடியரசுத் தலைவர்கள்' என்று ஒரு வரிசை கேட்பதே தப்பு. வாசகர் நான்கைந்து அலமாரி நடந்துதான் ஆகவேண்டும். நூலகரிடம் கேட்டால் பாதி நடை மிச்சம்.

அதோடு பணம் என்கிற விஷயமும் இருக்கிறது. கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-இல் வந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்கு 6 பைசா நூலக வரி. தமிழ்நாட்டில் அது 10 பைசா. வரி வசூலாகிற ஊரில் நூலகம் வளரும், தொழில் செத்த ஊரில் வரியும் படுக்கும், அதோடு நூலகமும் படுக்கும். கொல்கத்தாவில் 1972-இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை மாநிலங்களோடு சேர்ந்து பணம் போட்டு வாங்கிக் கொடுக்கும் புத்தகங்கள்தான் சின்ன ஊர் நூலகங்களின் ஆங்கில அலமாரியை ஓரளவு நிரப்புகின்றன. கன்னடத்துக்கு முதலிடம் என்பது இயல்பு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சொல்லப்போனால் கன்னடம் படிக்கத் தெரிந்த தங்கவயல் பிள்ளைகளுக்கு அதில் ஒரு லாபம். எல்.எஸ். சேஷகிரி ராவ் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த 'பாரத பாரதி' வரிசையின் சின்னஞ்சிறு வாழ்க்கை வரலாற்று நூல்கள் கர்நாடகத்தில் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தவை. தமிழில் அப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த ஒரு வரிசை இல்லை. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்குப் போக வேண்டும். பெரிய ஆங்கில நூல் என்றால் கப்பன் பார்க்கில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம். இரண்டுக்கும் மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறினால் போதும். மைன்ஸ் மூடிய பிறகு ஊரே அந்த ரயிலில்தானே பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறது.

இனிப் புத்தகங்கள். முதலாமவரான ராஜேந்திர பிரசாத்தின் 'ஆத்மகதா' பெரும்பகுதி சிறையில், 1942-க்குப் பிறகு எழுதப்பட்டது. பீகாரின் ஜீராதேயி கிராமம், மௌல்வியிடம் பாரசீகம் படித்தது, கல்கத்தா, சம்பாரண், ஆஸ்துமா என்று நிதானமாகப் போகும். கிராம வாழ்க்கையை இவ்வளவு பொறுமையாக எழுதிய அரசியல்வாதி வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் ராஷ்டிரபதி ஆவதற்கு முன்பே புத்தகம் முடிந்துவிடுகிறது. இந்து சட்ட மசோதா பற்றி நேருவோடு அவர் மோதியது, 1951-இல் நேரு வேண்டாம் என்ற பிறகும் சோமநாதர் கோயில் விழாவுக்குப் போனது, இவையெல்லாம் வால்மீகி சௌத்ரி பதிப்பித்த கடிதத் தொகுதிகளில் கிடக்கின்றன. வாசலோடு நின்றுவிடும் இந்த வழக்கம் இந்தத் துறையின் பிறவிக் குறை. கலாமின் 'அக்னிச் சிறகுகள்' 1999-இல் வந்தது, அவர் பதவியேற்றது 2002-இல். நாடு முழுவதும் அவரைத் தெரிந்துகொண்ட புத்தகத்தில் அவர் குடியரசுத் தலைவரே இல்லை.

வாசலைத் தாண்டி உள்ளே போய், மறுபக்கமாக வெளியேயும் வந்த ஒரே பெரிய நூல் சர்வபள்ளி கோபால் எழுதிய 'ராதாகிருஷ்ணன்: எ பயாகிரஃபி'. 1989-இல் வந்தது. கோபால் யார் என்பது முக்கியம். நேருவின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய வரலாற்றாசிரியர். ராதாகிருஷ்ணனின் ஒரே மகன். அப்பாவைப் பற்றி மகன் எழுதினால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். இதில் அது வரவில்லை. திருத்தணியின் வறுமை, வேலூர், கிறித்துவக் கல்லூரி, 1918 முதல் 1921 வரை மைசூர் மகாராஜா கல்லூரி, அங்கிருந்து கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு, மாஸ்கோ என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணம் வைத்து எழுதியவர், தந்தைக்குத் திருமணத்துக்கு வெளியே இருந்த உறவுகளையும், அதனால் தாய் சிவகாமு பட்டதையும் மறைக்காமல் எழுதினார். ஆசிரியர் தினத்தன்று மாலை போடப்படும் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வீடு இருந்தது என்று மகனே சொன்னது அன்றைக்குப் பலருக்குக் கசந்தது.

எனக்கு அந்தப் புத்தகத்தில் பெரிதாகத் தெரிவது அந்த வெளிப்படைத்தன்மைகூட அல்ல. 1962 சீனப் போருக்குப் பின் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் இடையே என்ன நடந்தது என்பதை, இருவரையும் நெருங்கி அறிந்தவர், இருவரின் வரலாற்றையும் எழுதியவர், ஒரு பக்கமும் சாயாமல் சொல்ல முயல்வதுதான். நேருவை நேசித்த வரலாற்றாசிரியரும் ராதாகிருஷ்ணனைத் தந்தையாகக் கொண்ட பிள்ளையும் ஒரே பேனாவில் இருந்து எழுதுகிறார்கள். அந்த இழுபறி வாக்கியங்களிலேயே தெரியும். சென்னை மாகாணத்தில் பிறந்து, மைசூரில் பாடம் நடத்தி, மாணவர்கள் தன் வண்டியைத் தாங்களே ரயிலடிக்கு இழுத்துப்போனார்கள் என்ற கதையோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியவரின் வரலாறு, தமிழ் வாசகர் கையில் தமிழில் தவழ்ந்திருக்க வேண்டும். நூலகங்களில் அவரைப் பற்றி இருக்கும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

ஜாகிர் உசேனுக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஜாமியாவில் அவரோடு வாழ்நாளெல்லாம் உழைத்த எம். முஜீப் எழுதியது நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக 1972-இல் வந்தது. கர்நாடக வரலாற்றாசிரியர் பி. ஷேக் அலி தனியாக ஒன்று எழுதினார். ராஜ்மோகன் காந்தியின் 'எய்ட் லைவ்ஸ்' நூலில் எட்டாவது வாழ்க்கை இவருடையதுதான். 1947 ஆகஸ்டில் ஜலந்தர் ரயில் நிலையத்தில் கொலைக்கும்பலிடமிருந்து மயிரிழையில் தப்பியவர், 20 வருடம் கழித்து அந்த நாட்டின் தலைவர் ஆனார் என்பதை இவர்கள் யாரும் சினிமாவாக்கவில்லை. ராஜ்மோகன் காந்தி என்றதும் ராஜாஜி நினைவுக்கு வருகிறார். தங்கவயலுக்கு அடுத்த மண்ணான ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தவர். 1950-இல் நேரு விரும்பியபடி நடந்திருந்தால் முதல் குடியரசுத் தலைவர் இவர்தான். நடக்கவில்லை, ஆனால் பேரன் எழுதிய வரலாறு, ஆனவர்களில் பலருக்குக் கிடைக்காத தரத்தில் இவருக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது தொழிலாளர்களின் கதைக்கு வருவோம். தங்கவயலில் இருந்து படிப்பவருக்கு, தொழிற்சங்கத்திலிருந்து வந்த வராககிரி வேங்கட கிரிதான் நெருக்கமான ஆள். சரியாக மதிக்கப்படாதவரும் அவர்தான். அவருடைய 'மை லைஃப் அண்ட் டைம்ஸ்' 1976-இல் வந்தது. இலக்கியமாகச் சொல்ல அதில் அதிகம் இல்லை. கூட்டம், தீர்மானம், மாநாடு என்று பொதுக்குழு அறிக்கை மாதிரி ஓடும். ஆனால் இந்த ஊரில் 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1946-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியோடு பேசுவது எப்படி, பேசாமல் இருப்பது எப்படி என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த வித்தை. அப்படிப்பட்டவர்கள் படித்தால் கிரியின் வறண்ட பக்கங்களுக்கு உயிர் வந்துவிடுகிறது.

அவருடைய கொள்கை எளியது. தொழில் தகராறை அரசு தீர்ப்பாயத்துக்கு அனுப்பித் தீர்ப்பு வாங்குவதைவிட, சங்கமும் முதலாளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி முடிப்பதே நல்லது. தீர்ப்பு வாங்கப் பழகிய சங்கம் பலம் இழந்துவிடும் என்பது அவர் கணக்கு. 1952-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சர். வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பாய முடிவை அரசு திருத்திக் குறைத்தபோது 1954-இல் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். பதினைந்து வருடம் கழித்து, ஜாகிர் உசேன் பதவியிலேயே இறந்ததால் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தவர், 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக மறுநாளே அந்தப் பதவியையும் விட்டார். வங்கிக்காரர்களுக்காக ஒருமுறை, வங்கிகளை மாற்றிவிட்டு ஒருமுறை என்று இரண்டு ராஜினாமாக்கள். ஒரு நல்ல வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? வெற்றிக்குப் பிறகு தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவராகவே 1970-இல் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். இத்தனை இருந்தும் கிரிக்கு ஒரு கோபால் வாய்க்கவில்லை. இந்திரா காந்தியின் வரலாறுகளில் அவர் ஒரு காய் நகர்த்தல், அவ்வளவுதான்.

கிரியின் ராஜினாமாவுக்கும் பதவியேற்புக்கும் இடைப்பட்ட 35 நாளில் பொறுப்பு வகித்தவர் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா. அவருடைய 'மை ஓன் பாஸ்வெல்' தலைப்பிலேயே குறும்பு உண்டு. எல்லோரும் அலுத்துப்போன நேரத்தில் படிக்கலாம்.

அடுத்து ஒரு பள்ளம். நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் 1975 ஜூனில் கையெழுத்திட்ட ஃபக்ருதீன் அலி அகமது 1977 பிப்ரவரியில் பதவியிலேயே இறந்தார். தன் கதையை அவர் சொல்லவில்லை. அவரிடம் பணிபுரிந்த ரஹ்மானி எழுதிய நினைவுநூல் ஒன்று உண்டு, விசுவாசமான நூல். அந்த இரவைப் பற்றி நாட்டு மக்கள் மனதில் நிற்பது என்னவோ, குளியல் தொட்டியில் இருந்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போடும் தலைவரை அபு ஆபிரகாம் வரைந்த கார்ட்டூன்தான். சஞ்சீவ ரெட்டியின் 'விதவுட் ஃபியர் ஆர் ஃபேவர்' கசப்போடு எழுதப்பட்டது, சுவாரஸ்யமானது, முழுதாக நம்ப முடியாதது. தபால் சட்டத் திருத்த மசோதாவைக் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் பையில் வைத்துக்கொண்ட ஜெயில் சிங்கின் நினைவுகள் அவர் இறந்த பிறகு 1997-இல் வந்தன. சங்கர் தயாள் சர்மா, பிரதிபா பாட்டீல், கோவிந்த் பற்றி இந்தக் கட்டுரையில் நின்று பேச வேண்டிய புத்தகம் எதுவும் இல்லை.

ஆர். வெங்கட்ராமனின் 'மை பிரசிடென்ஷியல் இயர்ஸ்' (1994) தமிழ் வாசகர் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டிய புத்தகம். பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்தவர், தொழிலாளர் வழக்கறிஞர், 1949-இல் 'லேபர் லா ஜர்னல்' தொடங்கியவர். தொழிற்சங்கக் காலத்தைப் பற்றி இந்த நூலில் வெகு கொஞ்சம், அது எனக்கு ஏமாற்றம். ஐந்தே வருடத்தில் ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று நான்கு பிரதமர்களைப் பார்த்தவர் என்பதால், தொங்கு நாடாளுமன்றத்தில் யாரை அழைப்பது என்ற கேள்விக்கு அவர் வகுத்துக்கொண்ட வழி விரிவாக வருகிறது. ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக எழுதும் மனு மாதிரி நடை. கட்சிக்காரர் அவரேதான்.

தமிழகத்தில் யாரும் நேராகப் போய்ப் பார்க்கிற இடம் 1991 ஜனவரி. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்த பிறகும் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. ஆளுநர் அறிக்கை இல்லாமலேயே, 'வேறு வகையில்' திருப்தி அடைந்தாலும் போதும் என்று 356-ஆம் பிரிவில் இருக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் ஒரு தமிழர். அதற்கு அவர் சொல்லும் நியாயத்தை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். நான் ஏற்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர் தன் காரணத்தை அச்சில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மறுத்துப் பேச நமக்கு ஒரு பிடி இருக்கிறது. ஃபக்ருதீனிடம் அது இல்லை.

கே.ஆர். நாராயணனிடமும் இல்லை. இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது இதுதான் இந்தத் துறையின் பெரிய ஓட்டை. உழவூரில் ஓலைக்கூரை வீட்டில் பிறந்து, கல்விக் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்ற தலித் சிறுவன், ஜே.ஆர்.டி. டாட்டா உதவியில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போய் லாஸ்கியிடம் படித்து, அவர் நேருவுக்குக் கொடுத்த கடிதத்தோடு திரும்பி, வெளியுறவுப் பணியில் சேர்ந்து, பர்மாவில் கண்ட பெண்ணை மணந்து, 1997-இல் குடியரசுத் தலைவர் ஆனார். உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அமைச்சரவையின் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். பீகார் விஷயத்தில் வாஜ்பாய் அமைச்சரவைக்கும் அதையே செய்தார். 1998-இல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். 2000 ஜனவரியில் அரசியல் சட்டத்தை மறுஆய்வு செய்யும் பேச்சு எழுந்தபோது, தோற்றது சட்டமா அல்லது நாமா என்று நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே கேட்டார்.

அவர் பதவியில் இருந்தபோதுதான், 2001 பிப்ரவரி 28 அன்று, பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்து, சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய சுரங்கம். மூடுவது மத்திய அரசின் முடிவு. ராஷ்டிரபதி பவனுக்கு அதில் நேரடி வேலை இல்லை. ஆனாலும் நெடுங்காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் மக்களின் கோபம் பற்றி 2000 குடியரசு தின உரையில் எச்சரித்த மனிதர், பொதுத்துறை ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது உள்ளுக்குள் என்ன நினைத்தார், அமைச்சர்களிடம் என்ன பேசினார்? இந்த லைன் வீடுகளில் சுவரில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் யாரை மாட்டலாம் என்று யோசிப்பவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. தெரிந்துகொள்ளப் புத்தகம் இல்லை. உரைத் தொகுப்புகள் உண்டு, பேட்டிகள் உண்டு, மேலோட்டமான வரலாறுகள் உண்டு. கோபால் தரத்தில் ஒன்று இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. குஜராத் கலவரம் பற்றி 2002-இல் நாராயணனும் வாஜ்பாயும் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, தரலாம் என்ற திசையில் 2006-இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்டது. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமைச்சரவை குடியரசுத் தலைவருக்குச் சொன்ன ஆலோசனையைக் கிளறக் கூடாது என்ற 74(2)-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் தன் காகிதங்களை 1939-இல் நாட்டுக்குக் கொடுத்து ஹைட் பார்க்கில் நூலகம் கட்டினார். 1955-இல் அதற்கு ஒரு சட்டம். 1978-இல் வந்த இன்னொரு சட்டத்தால், பின்னால் வந்தவர்களின் ஆவணங்கள் அவர்கள் சொத்தே அல்ல, மக்கள் சொத்து என்றாகிவிட்டது. ராபர்ட் காரோ லிண்டன் ஜான்சனைப் பற்றி 1982 முதல் 2012 வரை நான்கு தொகுதிகள் எழுதியும் முடிக்காமல் இருக்கிறார் என்றால், ஆஸ்டினில் பெட்டி பெட்டியாகக் காகிதம் இருப்பதால்தான். நம் காரோ எங்கே என்று கேட்பவர்கள் முதலில் பெட்டி எங்கே என்று கேட்க வேண்டும்.

பெட்டி இல்லாத இடத்தில் பக்கத்தில் இருந்தவர் எழுதுவதே வரலாறாகிறது. கலாமின் செயலாளர் பி.எம். நாயர் எழுதிய 'தி கலாம் எஃபெக்ட்' (2008) அப்படி ஒன்று. 2006-இல் ராமேஸ்வரத்து உறவினர்கள் ஐம்பது பேருக்கு மேல் வந்து தங்கிப் போனபோது, அறை வாடகை முதல் டீ வரை கணக்குப் பார்க்கச் சொல்லி, மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் தன் கையிலிருந்து கட்டிய கதை இந்த நூலால்தான் ஊரெல்லாம் பரவியது. மு. சிவலிங்கம் மொழிபெயர்ப்பில் 'அக்னிச் சிறகுகள்' படித்த பிள்ளைகளுக்கு இதுவும் பிடிக்கும். ஆனால் வளர்ந்தவர்களுக்குக் கலாம் எழுதிய 'டர்னிங் பாயிண்ட்ஸ்' (2012) வேறு வகையில் தேவை. 2005-இல் மாஸ்கோவில் இருந்தபடி பீகார் சட்டமன்றக் கலைப்பில் கையெழுத்துப் போட்டதும், அதை உச்ச நீதிமன்றம் தவறு என்றபோது ராஜினாமாவைப் பற்றி யோசித்ததும் அதில் வருகின்றன. கனவு காணச் சொன்னவர் தூக்கம் கெட்ட இடம். பள்ளிக்கூட மேடைகளில் இந்தப் பக்கத்தை யாரும் தொடுவதில்லை.

பிரணாப் முகர்ஜி மட்டும்தான் தனக்கென்று ஒரு பெட்டி வைத்துக்கொண்டவர். தினமும் நாட்குறிப்பு எழுதினார். அவர் பெயரில் நான்கு தொகுதிகள் வந்தன. கடைசியானது அவர் இறந்த பிறகு, 2021-இல், அதை வெளியிடலாமா கூடாதா என்று மகனும் மகளும் பொதுவெளியிலேயே வாதாடிய பிறகு வந்தது. அவர் எழுதியவை எச்சரிக்கையின் உச்சம். 2023-இல் மகள் சர்மிஷ்டா அந்த நாட்குறிப்புகளைப் பிரித்து எழுதிய 'பிரணாப், மை ஃபாதர்' அப்பா மூடி வைத்ததில் கொஞ்சம் திறக்கிறது. கோபாலுக்கு அடுத்து இந்த வரிசையில் பிள்ளை எழுதிய நல்ல புத்தகம் இதுதான், ஆனால் வரலாற்றாசிரியரின் கறார் இதில் இல்லை, மகளின் வாஞ்சைதான் அதிகம்.

நாட்டு எல்லையைத் தாண்டினால் தமிழர் ஒருவர் கிடைக்கிறார். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதன். கடனில் மூழ்கிய தந்தை தற்கொலை செய்துகொண்டபோது அவர் சிறுவன். பதின்ம வயதில் வீட்டை விட்டு ஓடி, ஜப்பானியர் ஆட்சியில் மொழிபெயர்ப்பாளராகி, 1960-களில் தொழிற்சங்கக் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து, 1974-இல் லாஜு படகுக் கடத்தலின்போது பணயமாகத் தீவிரவாதிகளோடு விமானத்தில் குவைத் போனவர். 'ஆன் அன்எக்ஸ்பெக்டெட் ஜர்னி' என்ற அவர் நூலின் துணைத்தலைப்பே பதவிக்கான பாதை என்பதுதான். அவரும் வாசலோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் அதுவரை சொல்வதில் பூச்சு இல்லை. மலேயாவுக்குப் போன தோட்டத் தமிழர், தங்கவயலுக்கு வந்த சுரங்கத் தமிழர் இரு கூட்டத்தின் கதையும் ஊரைவிட்டுப் பிழைக்கப் போனதில் தொடங்கியது என்பதால் இங்கே இதைப் படிப்பவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

முர்முவைப் பற்றிச் சந்தீப் சாஹு எழுதியது 2023-இல் வந்திருக்கிறது. மயூர்பஞ்ச் கிராமம், அடுத்தடுத்து இறந்த கணவர், இரண்டு மகன்கள் என்று பத்திரிகையாளர் வேகத்தில் போகிறது. பதவியில் இருப்பவரைப் பற்றி இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது, வரிசையைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஊர் நூலகத்தில் முதலில் கலாமை எடுங்கள், அது நிச்சயம் இருக்கும். ஜாகிர் உசேன் பற்றிய முஜீப் நூலும் பிரசாத்தின் தன்வரலாறும் அரசு வெளியீட்டு அலமாரியில் அகப்படலாம், இல்லையென்றால் கோலார் மாவட்ட மத்திய நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். கோபாலுக்கும் கிரிக்கும் பெங்களூர் ரயில் ஏறியாக வேண்டும். கிரியைக் கையில் எடுத்ததும் 1954 ராஜினாமா வரும் அத்தியாயத்தைத் தேடிப் படித்துவிட்டு, பிறகு முன்னுரைக்குத் திரும்பலாம்.